மிலாற்றுப் புகையும் மண் கெண்டியும்

(கண்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெளியே இப்படி மழை கொட்டும்போது இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மண்டபத்தின் பின்கட்டில் தேத்தண்ணி கொதிக்கிற வாசனையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அது பேச்சு முடிந்த பிறகுதான் வரும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்டது சிறிய விஷயம். புகை மணமுள்ள கறுப்புத் தேயிலையை மண் கெண்டியில் ஊறவைத்துக் குடிப்பது எப்படி, அதற்கு முன் அந்தக் கெண்டியைப் பழக்குவது எப்படி என்பது. சமையல் குறிப்புக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்கள். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலை பிழைத்த கதையில் புகைக்கும் மண்ணுக்கும் நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே கெண்டிக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ஏலத்துக்குப் போகும் தேயிலையை டேஸ்டர் ஒருவர் கரண்டியால் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு இரண்டு மூன்று சொற்களில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தச் சொற்களில் தோட்டத்து டீ மேக்கரின் வயிற்றைக் கலக்குவது ஒன்று உண்டு: ‘ஸ்மோக்கி’. புகை நாறுகிறது என்று பொருள். தேயிலையைக் காயவைக்கும் டிரையரின் சூளையில் எங்கோ வெடிப்பு விழுந்து, விறகுப் புகை சூடான காற்றோடு கலந்துவிட்டது என்பதற்கு அது சான்று. விலை விழும், அடுத்த நாள் சூளையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

அதே புகைக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். சீனத்தின் ஃபுஜியன் மாகாணத்தில், வூயி மலைத்தொடரில், தொங்மு என்ற ஊர்ப்பக்கம் செய்யப்படும் லாப்சாங் சூச்சோங் அப்படிப்பட்டது. குளிரும் ஈரமும் மிகுந்த மலை அது. வெயிலை நம்பிக் கொழுந்தை வாட்ட முடியாது. மாடி மாடியாக மரத்தில் கட்டிய கட்டடத்தின் கீழே பைன் விறகை எரித்து, மேல் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறார்கள். உருட்டிப் புளிக்கவைத்த பின் மீண்டும் அதே பைன் புகையில் காயவைக்கிறார்கள். படையெடுத்து வந்த வீரர்கள் தேயிலைக் கிடங்கில் தங்கியதால் வேலை தாமதமாகி, அவசரத்தில் பைன் விறகை மூட்டிக் காயவைத்ததில் பிறந்தது இந்தத் தேயிலை என்று ஒரு கதை உண்டு. இப்படிப்பட்ட கதைகள் எல்லாப் பண்டத்துக்கும் இருக்கும். நம்பத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஈரமான மலையில் விறகுதான் வெயில் என்பது போதுமான காரணம்.

ஆக, ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் குணம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் ஏறிய புகை குற்றம், தெரிந்து ஏற்றிய புகை மணம். கொழும்பு டேஸ்டர் சொல்வது சரி. தொங்முவின் ஆள் செய்வதும் சரி. நாம் எந்தப் பக்கம் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

இங்கிருந்து தென்கிழக்கே, தெல்தோட்டையைத் தாண்டி, ஹேவாஹெட்ட மலைகளுக்குள் இருக்கிறது லூல்கந்துர தோட்டம். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்பே, 1839இல், அசாம் விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டன. 1841இல் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனச் செடிகளை நட்டும் பார்த்தார்கள். ஆனால் வியாபாரமாக நிலைத்தது டெய்லருடைய 19 ஏக்கர்தான். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867இல். இரண்டு வருஷம் கழித்து, 1869இல், கோப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் கண்டது. கோப்பியில் பணம் போட்டவர்கள் நொடித்துப்போனபோது, மாற்றுப் பயிருக்கு வழி தெரிந்த ஒருவர் ஏற்கெனவே மலையில் இருந்தார்.

டெய்லரின் முதல் ‘தொழிற்சாலை’ எது தெரியுமா? அவருடைய பங்களாவின் விறாந்தை. மேசைமேல் கொழுந்தைக் கொட்டி, ஆட்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்தி உருட்டினார்கள். உருட்டிய இலையைக் காயவைத்தது களிமண் அடுப்பில். கீழே கரித் தணல், மேலே கம்பித் தட்டு, தட்டில் தேயிலை. அன்று அதைக் குடித்தவர்கள் அருமை என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இனி நான் சொல்வது என் ஊகம், ஊகமென்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி இடுக்கு வழியே தூள் தணலில் விழுந்து கருகும். அந்தப் புகை நேராக மேலே இருக்கும் தேயிலைக்குள் ஏறும். தேயிலையோ அயல் வாசனையை உறிஞ்சுவதில் மன்னன். சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்த தேயிலை டின்னைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். மண்ணும் கரியும் கைகோத்துச் செய்த அந்த முதல் கண்டித் தேயிலையில் புகை துளியும் இல்லாமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1873இல் டெய்லரின் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. அதற்கு முன்பே அவர் ஒழுங்கான தொழிற்சாலை கட்டி, உருட்டும் இயந்திரம் அமைத்துவிட்டார். 1892இல் தோட்டத்திலேயே இறந்தார். உடலைத் தொழிலாளர்கள் மாறி மாறித் தோளில் சுமந்து மலையிறங்கிக் கண்டிவரை கொண்டுவந்தார்கள். மஹியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது. தேயிலை என்றால் நுவரெலியாதான் என்று பேசுகிற கண்டிக்காரர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும். பஸ் செலவுகூட ஆகாது.

டெய்லர் உயிரோடு இருந்த காலத்திலேயே புகையை விரட்டும் வேலை தொடங்கிவிட்டது. அசாமின் கச்சாரில் தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன், 1877 வாக்கில் சிரொக்கோ என்ற டிரையரை உருவாக்கினார். பிறகு பெல்பாஸ்டில் பெரிய தொழிற்சாலையே நிறுவினார். அதன் சூத்திரம் எளிது. விறகின் புகை இரும்புக் குழாய்க்குள்ளேயே போய்ப் புகைக்கூண்டு வழியாக வெளியேறிவிடும். குழாயைத் தொட்டுச் சூடான சுத்தமான காற்று மட்டும் தேயிலைக்குப் போகும். இன்றைய டிரையரிலும் அடிப்படை அதுதான். ஏறத்தாழ 90 பாகை சூட்டுக் காற்றில் இருபது நிமிஷம் நகர்ந்து, ஈரம் 3 சதவீத அளவுக்குக் குறைந்து தேயிலை வெளியே வரும். இந்த வரலாற்றைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ஹந்தானைக்கு ஏறினால் போதும். 1925இல் கட்டிய தொழிற்சாலை பாழடைந்து கிடந்து, பழுதுபார்க்கப்பட்டு, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருட்டுப் பொறிகளும் டிரையர்களும் அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ‘புகை எங்கே போகிறது’ என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். அந்த இயந்திரங்கள் வேறு மாதிரித் தெரியும்.

தொழிற்சாலையிலிருந்து, நம் தோட்டத்து வழக்கில் ஸ்டோரிலிருந்து, புகை போய்விட்டது. மலைநாட்டுத் தேநீரை விட்டு அது போய்விட்டதா? போகவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போனது.

மலையில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழும் கிளைகள்தான் மிலாறு. அதைக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிவந்து இஸ்தோப்பில் அடுக்கிக் காயவைப்பார்கள். விடியுமுன், வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன், அம்மா அந்த மிலாற்றை மூட்டிக் கேத்தலை வைப்பாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. புகைக்கூண்டு கிடையாது. கேத்தலின் வெளிப்புறம் கரியேறி என்ன உலோகம் என்றே தெரியாது. புகை மூடிக்கு மேலும் கீழும் சுற்றி, கொதிக்கும் தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் இறங்கும். அதில் தோட்டம் கொடுத்த தூளைப் போட்டு இறக்கினால், அதுதான் தேத்தண்ணி. தேயிலையில் புகை இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தேயிலைச் செடியின் கிளையை எரித்து அதன் இலையை அவித்த தேநீர் அது. தொங்மு மலைக்காரர்கள்கூடப் பைன் மரத்தைத் தேடிப் போக வேண்டும். நம்மவர்களுக்கு இரண்டும் ஒரே செடியில் கிடைத்தன.

இதைச் சொல்லும்போது பலருக்கு நாக்கில் அந்தச் சுவை வருகிறது, முகங்களில் தெரிகிறது. வரட்டும். ஆனால் இதற்குள் ஏக்கப் பாட்டுப் பாட எனக்கு மனம் வரவில்லை. கூண்டில்லாத அடுப்பின் முன் ஒரு வாழ்நாள் குந்தியிருந்த பெண்களின் கண்ணும் நெஞ்சும் அந்தப் புகைக்கு விலை கொடுத்திருக்கின்றன. விறகுப் புகை நாட்பட்ட நுரையீரல் நோய்க்குக் காரணம் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. லயத்துப் புகைக்கும் டேஸ்டர் சொல்லும் தீர்ப்பே பொருந்தும்: விரும்பாமல் ஏறியது, ஆகவே குற்றம். நான் பேச வந்தது கோப்பைக்குள் வேண்டுமென்றே கொண்டுவரும் புகை பற்றி. அடுக்களைக்குள் நிறையும் புகை பற்றி அல்ல.

கண்டிச் சிங்களவர் வீடுகளில் புகையை வேண்டுமென்றே பயன்படுத்திய ஓரிடம் உண்டு. அடுப்புக்கு மேலே கட்டிய பரண். ‘தும் மெஸ்ஸ’ என்பார்கள். கொறுக்காப்புளியும் இறைச்சி வற்றலும் விதைத் தானியமும் அங்கே புகை பட்டுக் கிடக்கும், பூச்சி அண்டாது. மாலைதீவிலிருந்து வரும் மாசியும் புகை போட்டதுதானே? ஆகவே புகைச் சுவை நம் நாக்குக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது. தேயிலையில் மட்டும்தான் நமக்கு அது தகாது என்று ஏலக்கடை பழக்கிவிட்டது.

புகைத் தேயிலை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கொழும்புப் பெரிய கடைகளில் லாப்சாங் சூச்சோங் டின் சில வேளைகளில் கிடைக்கும், விலை கடுமை. வீட்டில் செய்துகொள்வது கஷ்டமல்ல. கண்டிப் பிராந்தியத்து ஓ.பி. போன்ற பெரிய இலைத் தேயிலை வாங்குங்கள். தூள் வேண்டாம், அது புகையை வாரிக் குடித்துக் கசந்துவிடும். வெளியில், முற்றத்தில், பழைய சட்டியொன்றில் சிரட்டைக் கரித் தணல் போட்டு, அதன்மேல் பட்டை உரித்த கறுவாக் குச்சியோ நன்றாகக் காய்ந்த மிலாறோ இரண்டு மூன்று துண்டு வையுங்கள். சுவாலை எழக்கூடாது, புகை மட்டும். தணலுக்கு நன்றாக உயரத்தில் அரிதட்டில் தேயிலையை மெல்லிதாகப் பரப்பி, மேலே சாக்கால் மூடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். தேயிலை சுடக்கூடாது, கை வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக்கூடாது. பிறகு ஆறவிட்டு டின்னில் அடைத்துச் சில நாள் மறந்துவிடுங்கள். முதல் நாள் அது சாம்பல் போலத்தான் மணக்கும். அடங்கிய பிறகுதான் குடிக்க லாயக்கு. அப்போதும் தனியாகப் போட வேண்டாம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு சாதாரணத் தேயிலை கலந்தால் நாக்குக்கு இதம்.

ஹந்தானை முகட்டில் பைன் காடு இருக்கிறதே, அதை எரித்தால் என்ன என்று ஓர் இளைஞர் பேச்சுக்கு முன் என்னைக் கேட்டார். வேண்டாம் தம்பி. அது கரீபியன் பைன், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே நட்டது; தொங்முவின் பைன் வேறு இனம். வீட்டடுப்பில் பிசின் விறகை எரித்தால் தார் வாடைதான் மிஞ்சும். தவிர அந்தக் காட்டு மரம் அரசாங்கத்து மரம். வர்ணம் அடித்த பலகை, பிளைவுட் எதையும் எரிக்கவே கூடாது. புகை மணம் என்பது மரத்தின் லிக்னின் சிதைந்து வரும் குவயாகோல் போன்ற பொருட்களின் மணம். அதோடு சேர்ந்து வேண்டாதவையும் வரும். அவற்றில் ஒன்றான அந்த்ராகுவினோன் என்ற பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்று கடுமையான எல்லை வைத்திருக்கிறது. புகைத் தேயிலைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. நாள் முழுக்கக் குடிக்கிற தேநீராக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

இப்போது கெண்டி.

டேஸ்டர் பயன்படுத்துவது வெள்ளைப் பீங்கான். சர்வதேச முறைப்படி 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிஷம். அந்தப் பீங்கானுக்கு ஞாபகசக்தி இருக்கக்கூடாது. காலையில் ஊவாத் தேயிலை, அடுத்து கண்டித் தேயிலை, அடுத்து ருகுணுத் தேயிலை. ஒன்றின் வாடை மற்றொன்றில் ஒட்டினால் தீர்ப்புத் தவறும். மண் கெண்டி நேரெதிர். மாமியார் மாதிரி, எதையும் மறக்காது. அதனால்தான் சீனத்தில் யிஷிங் ஊதாமண் கெண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கெண்டிக்கு ஒரு தேயிலை என்று விரதம் காக்கிறார்கள். புகைத் தேயிலை போட்ட கெண்டியில் பிறகு வேறெதைப் போட்டாலும் புகைதான் முதலில் வந்து நிற்கும். ஆகவே புகைத் தேயிலைக்கு மண் கெண்டி என்றால், அது ஆயுள் ஒப்பந்தம்.

யிஷிங் கெண்டி கிடைக்கிறவர்கள் வாங்கலாம். சந்தையில் போலி அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. நம்மிடம் கெண்டி இருக்கிறது. கெட்டம்பையில் மகாவலி நீரை வாளால் வெட்டும் சடங்கோடு கண்டிப் பெரஹெரா முடியும்போது, தண்ணீர் முகப்பது மூக்கு வைத்த பொற்கெண்டியில்தான். வீட்டுச் சடங்குகளில் தண்ணீர் வார்ப்பதும் கெண்டியில். பானைக்கு மூக்கு ஒட்டத் தெரிந்த குயவர்கள் இந்த மலைநாட்டில் பல நூற்றாண்டாக இருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூல் கண்டிப் பிரதேசத்துக் கைவினைகளைப் பற்றியது. கோயில் ஓவியத்தோடும் தந்த வேலையோடும் குயவர் வேலைக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார். இன்று கொழும்பு வீதியில் கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடையில் வீதியோரம் அடுக்கடுக்காக மண்பாண்டம் வைத்திருப்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நம் மண்ணும் யிஷிங் மண்ணும் ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு இணையத்தில் கண்ட சீன முறையை அப்படியே செய்தால் கெண்டி காலையில் ஈரத்தில் குளித்துக்கொண்டு நிற்கும். யிஷிங் கெண்டி 1,100 பாகைக்கு மேல் சுடப்படுகிறது. மண் கிட்டத்தட்டக் கல்லாக இறுகிவிடும். நம் சூளைகளின் சூடு பெரும்பாலும் 900 பாகையைத் தாண்டாது. அந்தச் செம்மண் பாண்டம் தன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை தண்ணீர் குடிக்கும். தண்ணீர்ப் பானைக்கு அதுவே வரம். கசிந்த நீர் வெளியே ஆவியாகி உள்ளேயுள்ள நீரைக் குளிர்விக்கும். தேநீர்க் கெண்டிக்கு அதுவே சாபம். கசியும்; கசிந்தது ஆவியாகும்போது தேநீரின் சூட்டையும் கொண்டுபோகும். எனவே நம் கெண்டியைப் பழக்குவதில் முதல் வேலை துளைகளை அடைப்பது. மணம் ஏற்றுவது இரண்டாவது.

வாங்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள். வர்ணமோ வார்னிஷோ பளபளப்புப் பூச்சோ இருந்தால் அது அலமாரிக்குத்தான், அடுப்படிக்கல்ல. குறைந்த சூட்டில் போட்ட மலிவுப் பூச்சில் ஈயம் இருக்கலாம். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; சொத்தென்று கேட்டால் எங்கோ கீறல். மூக்கும் கைப்பிடியும் உடலில் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கெண்டி உடைவது எப்போதும் அங்கேதான். அளவு சிறிதாக இருக்கட்டும். இரண்டு கோப்பை கொள்ளும் கெண்டி போதும். பெரிய கெண்டியில் தேநீர் தங்கித் தங்கிக் கசக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு பகல் ஓர் இரவு முழுக்க அமிழ்த்தி வையுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். வருவது நிற்கும்வரை விடுங்கள். தண்ணீரை இரண்டு தடவை மாற்றுங்கள். மண்பொடியும் சூளைச் சாம்பலும் அதில் போகும். தேங்காய்ப் பொச்சால் உள்ளே தேய்க்கலாம். சவர்க்காரம் மட்டும் தொடவே கூடாது. இந்தக் கெண்டியின் ஆயுளில் ஒரு நாளும் கூடாது.

அடுத்தது கஞ்சி. சோற்றுச் சட்டியைப் பழக்கிய எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். கெண்டியை நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். சட்டி தாங்கும், மூக்கு ஒட்டிய கெண்டி தாங்காது. பெரிய பானையின் அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கெண்டியை வைத்து, கெண்டி முழுகும்வரை பச்சைத் தண்ணீரும் கொழுத்த வடிகஞ்சியும் ஊற்றி, சிறு தீயில் சூடேற்றுங்கள். கொதிக்கத் தொடங்கும் நிலையிலேயே ஒரு மணி நேரம் வையுங்கள். அரிசி மாச்சத்து சூட்டில் பசையாகி மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு அடுப்பை அணைத்து, பானையிலேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தூக்கிக் குளிர்ந்த நீரில் கழுவினால் கீறல் விழும். வெயிலில் காயவைத்து, தண்ணீர் ஊற்றிப் பத்திரிகைத் தாள்மேல் இரவு வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் கஞ்சி இன்னொரு தடவை.

இங்கே எனக்கும் சில நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கஞ்சிதான் எல்லாம் என்று அவர்கள் வாரக்கணக்கில் கஞ்சியிலேயே போட்டு வைப்பார்கள். கண்டியின் காற்று எப்படிப்பட்டது? ஐப்பசி கார்த்திகையில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். மாச்சத்து மிஞ்சினால் புளிக்கும், கெண்டிக்குள் வெள்ளை படரும். கசிவு நிற்கும் அளவுக்குத்தான் கஞ்சி. அதற்குமேல் தேயிலையின் சாயம்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆகவே மூன்றாவது கட்டம் சாயம். மறுபடி அதே பானை, அதே துணி. இந்த முறை கஞ்சிக்குப் பதில் புகைத் தேயிலை ஒரு கைப்பிடி. ஏற்கெனவே ஊறவைத்துக் குடித்து மிஞ்சிய சக்கையும் நல்லது; நல்ல தேயிலையை வீணாக்குவானேன்? சிறு தீயில் ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுக்க அந்தச் சாயத்திலேயே ஊறட்டும். காலையில் எடுத்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். செம்மண் நிறம் ஒரு படி இருண்டிருக்கும். மோந்து பாருங்கள். பச்சை மண் வாடை அடங்கி, புகை லேசாகத் தலை காட்டினால் பழகிவிட்டது. இல்லையென்றால் மறுபடியும். பரண் உள்ள அடுக்களை வாய்த்தவர்கள் மூடியைக் கழற்றிக் கெண்டியைச் சில நாள் பரணில் ஏற்றிவைக்கலாம்; ஈரமும் போகும், வெளிப்புறமும் பழகும்.

இருபது வருஷம் பழகிய கெண்டியில் வெந்நீரை மட்டும் ஊற்றினாலே தேநீர் வரும் என்று சொல்வார்கள். வராது. நிறம் கொஞ்சம் வரும், பழைய துணி வாசனை வரும். கெண்டி தேயிலைக்குத் துணை. அது தேயிலை ஆகாது.

குடிக்கும் நாள். மலைநாட்டுத் தண்ணீர் பொதுவாக உப்புக் குறைந்த மென்னீர். தேநீருக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கண்டியில் தண்ணீர் ஏறத்தாழ 98 பாகையில் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் 94க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் மேலே இருப்பவர்கள் இன்னும் ஒரு நிமிஷம் கூட்டி ஊறவைக்க வேண்டும். கெண்டியில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு கொதிநீர், இப்படிப் படியாக ஊற்றிக் கொட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த மண்ணில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் ஒரு ‘டிக்’ கேட்கும். அதோடு கதை முடிந்தது. 200 மில்லிலீட்டருக்கு 3 கிராம் தேயிலை. பெரிய இலையானால் கண்ணளவுக்கு நிறையத் தெரியும். பயப்படாதீர்கள், எடை குறைவு. நான்கு நிமிஷம். பிறகு முழுவதையும் கோப்பைகளில் வடித்துவிடுங்கள். கெண்டியில் மிச்சம் வைக்காதீர்கள்.

பால் வேண்டாம். பாலின் கொழுப்புப் புகையைப் பிடித்துக்கொண்டு வேறு ஏதோ சுவையாக்கிவிடும். சீனியும் வேண்டாம். இந்த மலைநாட்டுக்கென்றே இதற்கொரு ஜோடி இருக்கிறது: கித்துள் கருப்பட்டி. கித்துள் பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சித்தான் கருப்பட்டி ஆக்குகிறார்கள். அதற்குள்ளும் புகை இருக்கிறது. ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, புகைச் சாயத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இரண்டு புகையும் நாக்கில் சந்திக்கும்போது டேஸ்டரின் தீர்ப்பை நீங்களே மாற்றி எழுதுவீர்கள்.

குடித்து முடித்ததும் சக்கையைக் கொட்டி, வெந்நீரால் அலசி, மூடியைத் தனியாக வைத்துக் கவிழ்த்துக் காயவிடுங்கள். மழை மாதங்களில் மூடி போட்டு அலமாரியில் வைப்பதுதான் கெண்டிக்குச் செய்யும் பெரிய துரோகம். பூஞ்சணம் பிடித்துவிட்டால் பயப்பட வேண்டாம்; சாயக் கட்டத்தை முதலிலிருந்து செய்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கள்.

இந்தியாவில் சில வருஷமாகத் தந்தூரி டீ என்று ஒன்று ஓடுகிறது. புனேயில் தொடங்கி, சென்னை மதுரை வரை வந்துவிட்டது. தணலில் சிவக்கச் சுட்ட மண்கலயத்தில் பால் தேநீரை ஊற்றினால் சீறிப் பொங்கி வழியும்; புகை வாசம் வரும். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, குடிக்கவும் மோசமில்லை. ஆனால் அது ஒரு நிமிஷத்துப் புகை. கலயம் அடுத்த நிமிஷம் குப்பைக்குப் போகிறது. மண்ணும் புகையும் தேநீரும் சேர்ந்தால் கூட்டம் வரும் என்பதை மட்டும் அது நிரூபித்துவிட்டது. அதை வியாபாரமாக நினைக்க வேண்டியவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள்.

வீதியோரக் கடைகளில் பார்த்தால் பூச்சாடியும் வர்ணம் பூசிய யானையும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. கேட்பவர்கள் அதைக் கேட்கிறார்கள், செய்பவர்கள் அதைச் செய்கிறார்கள். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மொலகொடையைத் தாண்டும்போது இறங்குங்கள். கடைக்காரரிடம் அல்ல, சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே பேசுங்கள். வர்ணம் வேண்டாம், இரண்டு கோப்பை கொள்ள வேண்டும், மூக்கு உடலில் சேரும் இடத்தில் உள்பக்கம் ஒரே பெரிய ஓட்டைக்குப் பதில் ஏழெட்டுச் சிறு துளை வேண்டும், இலை மூக்கில் அடைக்காமல் இருக்க, என்று சொல்லுங்கள். சூளையில் நன்றாகச் சூடு விழும் இடத்தில் வைத்துச் சுடச் சொல்லுங்கள். பூச்சாடிக்குக் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு ஆள் கேட்டால் சிரிப்பார்கள், பத்து ஆள் கேட்டால் செய்வார்கள். இந்த மண்டபத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள்.